எழுதிக் குடுக்குற வேலை

பகல்ல பொட்டி தட்டுறேன். ராத்திரியிலயும் ஞாயித்துக்கிழமையிலயும் அடுத்தவங்களுக்கு எழுதிக் குடுக்குறேன். ரெண்டு வேலைக்கும் ஒரு ஒத்துமை உண்டு. நான் எழுதுன கோடு எந்த நாட்டு பேங்க்ல ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது. நான் எழுதுன பேச்சு எந்த மேடையில யார் வாயிலேருந்து வந்துச்சுன்னும் யாருக்கும் தெரியாது. கைதட்டு வந்தா அவருக்கு, பிழை வந்தா எனக்கு :-)

நாலு வருஷமா இது ஓடுது. கல்யாண வாழ்த்துமடல்ல ஆரம்பிச்சது. அப்புறம் பணி ஓய்வு விழா ஏற்புரை, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, பள்ளிக்கூட வெள்ளிவிழா மலர்ல "நான் கண்ட தலைமையாசிரியர்" (நான் அவரைக் கண்டதே இல்ல), யூடியூப் சேனலுக்கு வசனம். இப்ப ஒரு முழுப் புத்தகம். நடுவுல லீவுக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக் குடுக்கவும் ஆரம்பிச்சிருக்கேன்.

ஆபீஸ்ல ஆணி புடுங்குறது பத்தாதா, இதெல்லாம் ஒரு பொழப்பான்னு நண்பர்கள் கேக்குறாங்க. அவங்களுக்கு நான் சொல்ற பதில் ஒண்ணுதான். எங்க ஊருக்கு இது புதுசில்ல மக்கா.

எங்க ஊரு புன்னக்காயல். எழுத்துல புன்னைக்காயல். தாமிரபரணி கடல்ல சேருற இடம். ஆத்தூர் வெத்தலையைத் தெரிஞ்சவங்களுக்குக்கூட, ஆத்தூர்லேருந்து கடலைப் பாக்கத் திரும்புனா வர்ற எங்க ஊரைத் தெரியாது. ஆனா தமிழ் அச்சுப் புத்தகத்தோட கதையை எடுத்தா எங்க ஊரை விட்டுட்டுச் சொல்ல முடியாது.

1542-ல பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தாய்மொழி பாஸ்க். இங்க உள்ளவங்களுக்குத் தமிழ். அவர் சொல்றது இவங்களுக்குப் புரியாது, இவங்க சொல்றது அவருக்குப் புரியாது. ரெண்டு பக்கத்து மொழியும் தெரிஞ்ச ஆளுங்களைத் தேடிப் பிடிச்சு, நாள்கணக்குல உக்காந்து, செபங்களைத் தமிழ்ல ஆக்கி, அதை மனப்பாடம் பண்ணி, கையில மணியோட தெருத்தெருவாப் போய்க் கூட்டம் சேத்துச் சொல்லிக் குடுத்ததா 1544 ஜனவரியில கொச்சியிலேருந்து எழுதுன கடிதத்துல அவரே சொல்றார். சவேரியார் பேரு உலகம் முழுக்கத் தெரியும். பக்கத்துல உக்காந்து வார்த்தை எடுத்துக் குடுத்த அந்த ஆளுங்களை எந்தப் பாடப் புத்தகத்துலயும் நான் படிச்சதில்ல. எங்க கரையோட முதல் "எழுதிக் குடுத்தவங்க" அவங்கதான்னு எனக்குத் தோணும்.

அடுத்து வந்தவர் அன்றிக் அடிகளார், ஹென்றிக் ஹென்றிக்கஸ். போர்ச்சுக்கல்காரர். 1546-ல இந்தியா வந்தவர், வாழ்க்கையில பெரும்பகுதியை இந்தக் கரையில கழிச்சு 1600-ல புன்னக்காயல்லயே இறந்தார். தூத்துக்குடியில அடக்கம் பண்ணியிருக்காங்க. இவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். துபாஷியை நம்பியே காலத்தை ஓட்டாம, தானே உக்காந்து தமிழ் படிச்சார். படிச்சதோட விடாம, பின்னால வர்ற பாதிரியார்களுக்காக போர்ச்சுக்கீஸ்ல ஒரு தமிழ் இலக்கணமும் எழுதி வச்சார். அதுல ஏட்டுல உள்ள தமிழைவிட, கரையில சனங்க பேசுற தமிழ்தான் அதிகம். பள்ளிக்கூடத்துல நாம தப்புன்னு திருத்தி வாங்குன பேச்சு வழக்கை ஒரு மனுஷன் கிட்டத்தட்ட அஞ்சு நூறு வருஷம் முன்னால காது குடுத்துக் கேட்டு எழுதி வச்சிருக்கார்.

1578 அக்டோபர் 20-ல கொல்லத்துல அச்சான "தம்பிரான் வணக்கம்" அவர் மொழிபெயர்த்ததுதான். பதினாறே பக்கம். இந்திய மொழி எழுத்துல இந்தியாவுல அச்சான புத்தகங்கள்ல நம்ம கைக்குக் கிடைச்சதுல முதல் புத்தகம். 1586-ல வந்த "அடியார் வரலாறு" எங்க ஊர்லயே அச்சானதா பொதுவா சொல்றாங்க. அச்சு வேலைக்குக் காசு குடுத்ததுல முத்துக்குளிச்ச பரதவ சனங்களுக்கும் பங்கு உண்டு.

இதுல ஒரு சின்ன விஷயம். தம்பிரான் வணக்கத்துல மொழிபெயர்ப்பாளர்னு ரெண்டு பேரு இருக்கு. ஒருத்தர் அன்றிக். இன்னொருத்தர் மனுவேல் தெ சான் பெத்ரோன்னு ஒரு பாதிரியார். அன்றிக்கை எல்லாரும் சொல்றோம். ரெண்டாவது ஆளை உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? புத்தகத்துல பேரு இருந்துமே இந்தக் கதின்னா, பேரே இல்லாதவனுக்கு என்ன வருத்தம்? நான் மனசைத் தேத்திக்கிறது இப்படித்தான் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

எழுதிக் குடுக்குறதுல பேரை விட்டுக் குடுக்குறது பெரிய விஷயமில்ல. அது கூலிக்குள்ளயே அடங்கிடும். சிக்கல் வேற இடத்துல இருக்கு. யாருடைய வாழ்க்கையோ, அவங்க குரலை நாம என்ன பண்றோங்கிறது.

பக்கத்து மாநிலத்துல நடந்தது. நளினி ஜமீலாவோட சுயசரிதை 2005-ல மலையாளத்துல வந்துச்சு. அவங்க சொல்ல இன்னொருத்தர் உதவியோட எழுதுனது. பரபரப்பா வித்துச்சு. ஆனா அதுல தன் குரல் இல்லன்னு அவங்களுக்குத் திருப்தி இல்ல. அதே வருஷம் திருத்தி வேற ஒரு பதிப்பு கொண்டுவந்தாங்க. வித்துக்கிட்டு இருக்குற புத்தகத்தை "இது நான் இல்ல"ன்னு தள்ளி வைக்க எவ்வளவு தைரியம் வேணும்!

இதுக்கு நேர் எதிரா வீரம்மா கதை. பாண்டிச்சேரி பக்கம் ஒரு கிராமத்துல விவசாயக் கூலி. பாட்டுக்காரம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. ஜோசியான் ராசின் வருஷக்கணக்கா கூட உக்காந்து கேட்டுப் பதிவு பண்ணி, 1995-ல பிரெஞ்சுல புத்தகமா வந்துச்சு, 1997-ல ஆங்கிலத்துல. ஆசிரியர் பேருன்னு முதல்ல இருக்குறது வீரம்மா. அப்புறம்தான் ஜோசியான் ராசினும் ஜான் லுக் ராசினும். சொன்னவங்க ஆசிரியர், கேட்டவங்க கூட்டாளி. இப்படி ஒரு அட்டை என் வாழ்க்கையில ஒண்ணு போட்டாப் போதும்.

இப்ப நான் எழுதிக்கிட்டு இருக்குற புத்தகம்.

எங்க கரையில ஒரு தாத்தா. எம்பது தாண்டிட்டார். தோணித் தண்டலா இருந்தவர். தண்டல்னா தோணிக்குத் தலைவர், கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. எஞ்சின் வர்றதுக்கு முன்னால, பாய் கட்டி தூத்துக்குடியிலேருந்து கொழும்புக்குச் சரக்கு ஏத்திப் போனவர். அவர் மகன் கப்பல்ல எஞ்சினியர். அப்பாவோட வாழ்க்கையைப் புத்தகமாப் போட்டு நூறு காப்பி சொந்தக்காரங்களுக்குக் குடுக்கணும்னு ஆசை. பாதிப் பணம் முன்கூட்டியே அனுப்பிட்டார். மீதி புத்தகம் முடிஞ்சதும்.

தாத்தா லேசுல பேசல. முதல் ரெண்டு ஞாயிறு என்கிட்ட பேசுனதெல்லாம் என் தாத்தாவைப் பத்திதான். மூணாவது ஞாயிறு, நான் செல்போனை எடுத்து ரெக்கார்டு போடக்கூட இல்ல, தானாவே ஆரம்பிச்சார். வாடை, கச்சான், நீவாடு... தண்ணி நெறத்தைப் பாத்து ஆழம் சொல்றது, ராத்திரி வெள்ளியைப் பாத்து திசை பிடிக்கிறது. கேக்கக் கேக்க எனக்கு வாய் பொளந்துருச்சு. எல்லாத்தையும் அவர் பேச்சுலயே எழுதுனேன். "சொல்லுதேன்"னா "சொல்லுதேன்"தான்.

மகனுக்கு அனுப்புன முதல் மூணு அத்தியாயத்துக்கே வாட்ஸ்அப்ல குரல் பதிவு வந்துச்சு. "தம்பி, நல்லாருக்கு. ஆனா பாஷையைக் கொஞ்சம் நல்ல தமிழா மாத்திருங்க. படிக்கிறவங்க அப்பாவை என்ன நெனப்பாங்க?" எனக்கு அவர் மேல கோவம் வரல. இந்தப் பேச்சுக்காக வெளியூர்ல, காலேஜ்ல, கேலி வாங்குன அனுபவம் அவருக்கும் இருந்திருக்கும், எனக்கும் இருக்கு. ஜோ டி குரூஸோட "கொற்கை" நாவலுக்கு 2013-ல சாகித்ய அகாதமி குடுத்ததைச் சொன்னேன். தண்டலும் தோணியும் நிறைஞ்ச நாவல், நம்ம கரைப் பேச்சுதான். கொஞ்சம் யோசிச்சுட்டு, சரி தம்பின்னுட்டார்.

அடுத்தது அப்படி லேசா முடியல.

ஏழாவது அத்தியாயம். ஒரு கார்த்திகை மாசம், வாடை முறுக்கி அடிக்கிற ராத்திரி, பாயை இறக்க மேல ஏறுன பதினேழு வயசுப் பையன் கடல்ல விழுந்துட்டான். ரெண்டு தடவ தோணியைத் திருப்பிப் பாத்திருக்காங்க. கிடைக்கல. தோணிக்குள்ள தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு. மூணாவது தடவ திருப்பச் சொல்லி மத்தவங்க கெஞ்சுறாங்க. தண்டல் வேண்டாம்னுட்டார். போ, கொழும்பைப் பாத்துப் போன்னுட்டார். திருப்பியிருந்தா மிச்சம் உள்ள அத்தனை பேரும் போயிருப்பாங்கன்னுதான் கூட வந்தவங்களும் பின்னால சொல்லியிருக்காங்க. ஆனா அம்பது வருஷத்துக்கு மேலயும் அவர் அந்த மூணாவது திருப்பத்துலயேதான் நிக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் அழல. திண்ணையில விரலால கோடு போட்டு, தோணி எப்படித் திரும்புச்சுன்னு எனக்குக் காட்டிக்கிட்டே இருந்தார்.

மகன் இதை எடுத்துருங்கன்னுட்டார். "கொண்டாட்டத்துக்குப் போடுற புத்தகம் தம்பி. அந்தப் பையன் குடும்பம் இன்னும் ஊர்லதான் இருக்கு. அவங்க கைக்குப் போனா என்னாகும்?" நியாயமான கேள்வி. பணம் குடுக்குறதும் அவர்தான்.

தாத்தாகிட்ட போய்ச் சொன்னேன். அவர் சொன்னது இது: "அவங்க படிக்கணும்னுதாம்ல ஒங்கிட்ட சொல்லுதேன். வேற எவன் படிச்சா எனக்கென்ன? அந்தப் பய பேரு இல்லாம எம் பேரு மட்டும் புஸ்தகத்துல வேண்டாம்."

ரெண்டு பேருக்கும் நடுவுல நான். யாருக்காக எழுதுறேன்? பணம் குடுத்தவருக்கா, வாழ்ந்தவருக்கா? ரெண்டு வாரம் மண்டையைப் பிச்சுக்கிட்டு, கடைசியில மகனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, அந்தக் குடும்பத்துல ஒருத்தர்கிட்ட முதல்ல படிச்சுக் காட்டிருவோம். அவங்க வேண்டாம்னா எடுத்துருவோம். ஆனா அவங்களுக்காக நாமளா முடிவு பண்ண வேண்டாம்." அரை மனசோட சம்மதிச்சார்.

பையனோட தங்கச்சி இப்ப பேரன் பேத்தி எடுத்த பாட்டி. கண்ணு சரியாத் தெரியாது. தாத்தாவும் கூட வந்தார், ஆனா வாசல்லயே உக்காந்துட்டார், உள்ள வரல. நான் பதினோரு பக்கத்தையும் வாசிச்சேன். குரல் நடுங்காம வாசிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முடிஞ்சதும் அந்தப் பாட்டி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாங்க: "ஞானஸ்நானப் பேரைப் போட்டிருக்க. அந்தப் பேரைச் சொல்லி அண்ணன யாருமே கூப்பிட்டதில்லையே." வீட்டுல கூப்பிடுற பேரைச் சொன்னாங்க. தண்டலுக்கே தெரியாத பேரு. பக்கத்துலயே எழுதிக்கிட்டேன். வெளிய வந்து தாத்தாவுக்குக் காப்பி குடுத்தாங்க. ரெண்டு பேரும் அந்த ராத்திரியைப் பத்திப் பேசல. மழை இந்த வருஷம் எப்படின்னுதான் பேசுனாங்க.

அத்தியாயம் இப்ப உள்ள இருக்கு, அந்தப் பேரோட. மகன் இன்னும் முழுசா சரின்னு சொல்லல. மீதிப் பணமும் வரல. வரலன்னாலும் அந்தப் பக்கத்தை எடுக்குறதா இல்ல. எடுக்கணும்னு தாத்தா சொன்னாத்தான் எடுப்பேன்.

இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கிற பதிவுலக மக்களுக்கு நாலு வார்த்தை. என்ன எழுதுறீங்க, எத்தனை வார்த்தை, எத்தனை தடவ திருத்தம்னு எல்லாத்தையும் எழுத்துல வாங்கிக்கோங்க. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாத்திக் குடுக்குறது எழுத்துல, கையெழுத்தோட இருந்தாத்தான் செல்லும். காலம் குறிப்பிடலன்னா அஞ்சு வருஷம்னு எடுத்துக்குவாங்க. இடம் குறிப்பிடலன்னா இந்தியா மட்டும். உரிமையை வித்த பிறகும் "இதை எழுதுனது நான்"னு சொல்ற உரிமையை 57-வது பிரிவு எழுதுனவனுக்கே வச்சிருக்கு. நாம பொதுவா அதைச் சொல்ல மாட்டோம்னு வாக்குக் குடுத்துட்டு வேலை பாக்குறோம், அது வேற. ஒரு பெரிய மனுஷர் என்கிட்ட மலர்க் கட்டுரை வாங்கிட்டு காசும் குடுக்காம போனும் எடுக்காமப் போயிருக்கார். அதனால அட்வான்ஸ் முக்கியம் அமைச்சரே.

இன்னொரு கேள்வியும் வரும். இதெல்லாம் சாட்ஜிபிடில போட்டா வந்துடாதா? வரும். வாழ்த்துமடல், ஏற்புரை எல்லாம் வருது. எனக்கு அந்த ஆர்டர் பாதியாக் குறைஞ்சிருச்சு. நானே ஐடில இருந்துக்கிட்டு மிஷினைத் திட்டுனா நல்லாருக்காது. ஆனா தாத்தா வாயைத் திறக்க மூணு ஞாயிறு ஆச்சு. அந்தப் பாட்டி வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள போகணும். அந்த வேலை இன்னும் எனக்குத்தான் இருக்கு.

கடைசியா, சொல்லிக் குடுக்குற வேலை.

போன கோடை லீவுல ஊர்ல பத்துப் பன்னெண்டு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். "மீன்பிடிக்கிறதைப் பத்தி எழுதுங்க"ன்னேன். எல்லாத் தாள்லயும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. கடல் அன்னை, நீலக்கடல், அலைகள் தாலாட்டும். எல்லாமே கடலுக்குப் போறவங்க வீட்டுப் பிள்ளைங்க! மறுநாள் வேற வேலை குடுத்தேன். வீட்டுல பெரியவங்க யாரையாவது ஒரு வேலையைப் பத்திப் பேசச் சொல்லி, அவங்க சொன்னதை அப்படியே எழுதிட்டு வாங்க, ஒரு வார்த்தையையும் அழகு பண்ணாதீங்கன்னேன். வலை கிழிஞ்சா எங்கேருந்து தைக்க ஆரம்பிக்கணும், கருவாட்டுக்கு உப்பு எவ்வளவு, வெயில் இல்லன்னா என்ன பண்ணுவாங்கன்னு வந்துச்சு பாருங்க... அன்றிக் அடிகளார் கேட்டிருந்தா நோட்டை எடுத்திருப்பார்.

அந்த சமயம் ஒரு அம்மா மனு எழுதிக் கேட்டு வந்தாங்க. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் அறுபத்தொரு நாள் நம்ம கிழக்குக் கரையில மீன்பிடித் தடைக்காலம். அதுக்கு அரசாங்கம் குடுக்குற நிவாரணம் அவங்க கணக்குக்கு வரல. ஆதார்ல பேரு ஒரு மாதிரி, பாஸ்புக்ல ஒரு மாதிரி. நம்ம பக்கத்துப் பேருங்கதான் தெரியுமே, பர்னாந்து, பெர்னாண்டோ, பர்னாண்டு... கம்ப்யூட்டருக்கு ஒரு எழுத்து மாறினா வேற ஆளு. அந்த லட்சணம் எனக்குத் தெரியும், நானே அப்படித்தானே கோடு எழுதுறேன்.

வழக்கமா நான் எழுதிக் குடுத்துருவேன். அன்னைக்கு அவங்க மக, எட்டாவது படிக்கிறவ, வகுப்புல இருந்தா. "அண்ணா, நான் எழுதட்டா?"ன்னா. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கா. அம்மாவை உக்கார வச்சு, எப்ப எப்பப் போனாங்க, என்ன சொன்னாங்கன்னு கேட்டுக் கேட்டு எழுதுனா. நடுவுல ஒரு வரி: எங்கள் அம்மாவின் பெயர் ஒன்றுதான், எழுத்துதான் இரண்டு விதமாக உள்ளது. நான் தேதியும் இணைப்புப் பட்டியலும் மட்டும் சேத்தேன். அம்மா கையெழுத்துப் போட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் பணம் வந்துச்சு.

இப்ப ஊருக்குப் போனா மனு கேட்டு என்கிட்ட யாரும் வர்றதில்ல. அந்தப் பிள்ளைகிட்ட போறாங்களாம். பொழப்புல மண்ணு :-) "ஃபீஸ் எதும் வாங்குறியா?"ன்னு கேட்டேன்.

"இல்லண்ணா. ஆனா பேரை மட்டும் ரெண்டு தடவ கேட்டு எழுதிக்குவேன்."

பின்குறிப்பு: தண்டல் தாத்தா கதையை இங்க எழுத அவர்கிட்டயும் அந்தப் பாட்டிகிட்டயும் கேட்டுட்டேன். ரெண்டு பேரும் எழுதுன்னாங்க. பேரெல்லாம் புத்தகத்துல வரும். இங்க வேண்டாம்.